பைலோரிக்கு மருந்து எடுத்து முடித்தாயிற்று, இனிப் புற்றுநோய் வராதா?

களுவாஞ்சிகுடியில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 47. நான்கு மாதத்துக்கு முன்னர் வயிற்று எரிவுக்கு வாய் வழியாகக் கமரா விட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஹெலிக்கோபக்டர் பைலோரி என்ற கிருமி இருப்பதாகச் சொல்லி 14 நாள் மருந்து கொடுத்தார்கள். முழுவதையும் குடித்து முடித்தார், எரிவு நின்றுவிட்டது. ஆனால் அவருடைய அப்பா இரைப்பைப் புற்றுநோயால் இறந்தவர். ‘மருந்து எடுத்தவர்களுக்கும் புற்றுநோய் வந்திருக்கிறது’ என்று யாரோ சொன்னதில் இருந்து தூக்கம் இல்லையாம். பயொப்சி ரிப்போர்ட்டில், அதாவது இரைப்பைச் சுவரில் இருந்து எடுத்த சிறு துண்டைச் சோதித்த ரிப்போர்ட்டில், ‘இன்டெஸ்டைனல் மெட்டாபிளேசியா’ என்று எழுதியிருக்கிறதாம். மருந்து எடுத்ததில் பயன் ஏதும் உண்டா, இனி என்ன செய்வது என்று கேட்கிறார்.

தம்பி, நான் டொக்டர் இல்லை. மட்டக்களப்பு மாவட்டத்தில் எண்டோஸ்கோபி அறையில் பல வருடம் தாதியாக நின்றவள். உங்களுக்கு மருந்தை மாற்றவோ நிறுத்தவோ சொல்வது என் வேலை இல்லை. எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

முதலில் நேரடியான பதில். மருந்தால் பயன் உண்டு, நிறையவே உண்டு. கிருமியை ஒழித்தால் இரைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது. ஆனால் பூச்சியம் ஆவதில்லை. மிச்சம் எவ்வளவு என்பது, மருந்து குடித்த நாளில் உங்கள் இரைப்பைச் சுவர் எந்த நிலையில் இருந்தது என்பதைப் பொறுத்தது. அதனால் இப்போது இரண்டு விஷயம் உங்கள் கையில் இருக்க வேண்டும். கிருமி உண்மையிலேயே போய்விட்டதா என்ற உறுதி ஒன்று. அந்தப் பயொப்சி ரிப்போர்ட் மற்றது.

ஏன் இப்படி என்று விளங்க, கிருமியைப் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும். இரைப்பை அமிலத்தில் எதுவும் உயிர்வாழாது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 1982ல் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரத்தில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் இந்தக் கிருமியை வளர்த்துக் காட்டினார்கள். நம்ப ஆளில்லை. 1984ல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, தனக்கு இரைப்பை அழற்சி வந்ததைக் காட்டினார். 2005ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்னரே, 1994ல், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவற்றின் பட்டியலில் சேர்த்துவிட்டது.

இந்தக் கிருமி யூரியாவை உடைத்து அமோனியா உண்டாக்கும். அதைத் தன்னைச் சுற்றிப் போர்வை போலப் போட்டுக்கொண்டு அமிலத்தில் இருந்து தப்பும். எங்கள் அறையில் பரிசோதனை செய்ததும் இதை வைத்துத்தான். கமராவோடு எடுத்த ஒரு துளித் தசையை யூரியா உள்ள மஞ்சள் ஜெலிக்குள் போடுவோம். கிருமி இருந்தால் மஞ்சள் மாறி ரோசா நிறம் ஏறும். சிலருக்கு நோயாளி கட்டிலில் இருந்து இறங்குவதற்குள்ளேயே மாறிவிடும்.

பெரும்பாலும் சிறு வயதில், வீட்டுக்குள்ளேயே தொற்றுகிறது. அதன் பிறகு பத்து, இருபது, முப்பது வருடம் சத்தமில்லாமல் இருக்கும். அந்தக் காலத்தில் சுவரில் மாற்றம் படிப்படியாக நடக்கிறது. முதலில் அழற்சி. பிறகு அமிலம் சுரக்கும் சுரப்பிகள் தேய்ந்து சுவர் மெலிகிறது. பிறகு அந்த இடத்தில் குடலில் இருக்க வேண்டிய கலங்கள் முளைக்கின்றன. உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள மெட்டாபிளேசியா இதுதான். அதற்குப் பிறகு கலங்களின் உருவமே கோணுவது டிஸ்பிளேசியா. கடைசிப் படி புற்றுநோய். கிருமி உள்ள எல்லோரும் இந்தப் படிகளில் ஏறுவதில்லை. நூறு பேரில் ஒருவர் முதல் மூவர் வரைக்குத்தான் வாழ்நாளில் புற்றுநோய் வரை போகிறது.

வாவிக்கரை வயலுக்குள் உவர்நீர் ஏறினால் என்ன ஆகும் என்று உங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒருமுறை ஏறிய நீர் என்றால் மாரி மழை கழுவிவிடும். வருடக்கணக்காக ஏறி இறங்கிய வயலில், வாய்க்காலை அடைத்த பிறகும் மண்ணில் உப்பு நிற்கும். சில துண்டு காலத்தோடு தெளியும், சில துண்டு தெளியாது. கிருமியை ஒழிப்பது வாய்க்காலை அடைப்பது மாதிரி. மெட்டாபிளேசியா மண்ணில் நின்ற உப்பு.

இதை ஆய்வுகளும் காட்டுகின்றன. ஜப்பானில் 1,526 பேரை ஏறத்தாழ எட்டு வருடம் தொடர்ந்து பார்த்து 2001ல் வெளியிட்டார்கள். கிருமி இருந்த 1,246 பேரில் 36 பேருக்குப் புற்றுநோய் வந்தது. கிருமி இல்லாத 280 பேரில் ஒருவருக்கும் வரவில்லை. பிறகு சீனாவின் ஃபூஜியன் மாகாணத்தில் 1,630 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு மருந்தும் மறுபகுதிக்கு வெற்றுக் குளிசையும் கொடுத்தார்கள். ஏழரை வருடத்தில் மொத்தமாகப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, மருந்து எடுத்தவர்களில் 7 பேருக்கும் எடுக்காதவர்களில் 11 பேருக்கும் புற்றுநோய் வந்தது. ஆனால் தொடக்கத்தில் சுவரில் மெட்டாபிளேசியா போன்ற மாற்றம் எதுவும் இல்லாதவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால், மருந்து எடுத்தவர்களில் ஒருவருக்கும் வரவில்லை, எடுக்காதவர்களில் 6 பேருக்கு வந்தது. ‘மருந்து எடுத்தும் வந்தது’ என்று நீங்கள் கேள்விப்பட்ட கதை பெரும்பாலும் இப்படிப் பிந்தி மருந்து எடுத்தவர்களின் கதையாகத்தான் இருக்கும்.

‘அப்போ எனக்கு மெட்டாபிளேசியா வந்துவிட்டதே, பிந்திவிட்டேனா?’ என்று நீங்கள் நினைப்பீர்கள். இல்லை. கொரியாவில், ஆரம்பநிலைப் புற்றுநோயையே கமரா வழியாக வெட்டி எடுத்தவர்களிடம் இந்த மருந்தைச் சோதித்தார்கள். அவர்களுடைய சுவர் உங்களுடையதை விட மோசமானது என்பதில் சந்தேகம் இல்லை. 2018ல் வந்த முடிவின்படி, மருந்து எடுத்த 194 பேரில் 14 பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் வந்தது. எடுக்காத 202 பேரில் 27 பேருக்கு வந்தது. அந்த நிலையிலேயே பாதியாகக் குறைந்திருக்கிறது. மெலிந்த சுவர் பலருக்குத் தேறியும் இருந்தது. வாய்க்காலை எப்போது அடைத்தாலும் பயன் உண்டு. முந்தி அடைத்தால் அதிகப் பயன், அவ்வளவுதான் வித்தியாசம்.

உங்கள் அப்பாவின் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு ஒன்று இருக்கிறது. அதுவும் கொரியாதான், 2020ல் வந்தது. பெற்றோர் அல்லது உடன்பிறந்தவருக்கு இரைப்பைப் புற்றுநோய் வந்தவர்களை மட்டும் எடுத்து, ஒன்பது வருடத்துக்கு மேல் பார்த்தார்கள். மருந்து எடுத்த சுமார் 830 பேரில் 10 பேருக்கு வந்தது. எடுக்காத சுமார் 840 பேரில் 23 பேருக்கு வந்தது. கிருமி உண்மையில் போனவர்களை மட்டும் எண்ணினால் 608 பேரில் 5 பேர்தான். குடும்பத்தில் ஒருவருக்கு வந்தால் அது தலைவிதி என்று நம் ஊரில் கைகழுவி விடுகிறோம். இந்தக் கணக்கை அப்படிச் சொல்பவர்களிடம் காட்ட வேண்டும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

காலம் என்ன செய்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சுவீடன், நோர்வே, டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து ஆகிய ஐந்து நாடுகளில் பைலோரிக்கு மருந்து எடுத்த ஏறத்தாழ 6 லட்சத்து 60 ஆயிரம் பேரின் பதிவுகளைப் பார்த்தார்கள். மருந்து எடுத்த முதல் ஐந்து வருடத்தில் அவர்களுக்குப் பொதுமக்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் புற்றுநோய் இருந்தது. ஆறு முதல் பத்து வருடத்தில் அது 1.3 மடங்கு ஆகியது. பதினொரு வருடத்துக்குப் பிறகு பொதுமக்களோடு ஏறக்குறையச் சமமாகிவிட்டது. முதல் ஐந்து வருடத்துக் கணக்கைப் பார்த்து, மருந்துதான் காரணம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கிருமி பல வருடமாகச் செய்த சேதம் அந்தக் காலத்தில் வெளியே வருகிறது. மருந்து எடுத்த முதல் வருடங்களில்தான் கவனம் கூட வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, உங்கள் ரிப்போர்ட். ‘மெட்டாபிளேசியா’ என்ற சொல்லைக் கேட்டவுடன் புற்றுநோய் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சுவீடனில் பயொப்சி எடுத்தவர்களை நீண்டகாலம் பார்த்த ஒரு கணக்கில், மெட்டாபிளேசியா உள்ள 39 பேரில் ஒருவருக்கு இருபது வருடத்துக்குள் புற்றுநோய் வந்தது. சுவர் சாதாரணமாக இருந்தவர்களில் 256 பேருக்கு ஒருவர். அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் 38 பேருக்கு வரவில்லை என்பதையும் பாருங்கள்.

ரிப்போர்ட்டில் இரண்டு விஷயத்தைக் கிளினிக்கில் கேட்டு அறிய வேண்டும். மாற்றம் இரைப்பையின் கீழ்ப்பகுதியில் மட்டும் இருக்கிறதா, மேலே உள்ள பெரிய பகுதியிலும் பரவியிருக்கிறதா என்பது முதலாவது. இதைச் சொல்ல வேண்டுமானால் பல இடத்தில் இருந்து தசை எடுத்திருக்க வேண்டும். கீழ்ப்பகுதியில் இரண்டு, நடு வளைவில் ஒன்று, மேற்பகுதியில் இரண்டு என்று ஐந்து துண்டு எடுப்பதுதான் நல்ல முறை. ஒரே இடத்தில் ஒரு துண்டு எடுத்திருந்தால் பரவலை யாராலும் சொல்ல முடியாது. இரண்டாவது, டிஸ்பிளேசியா இருக்கிறதா என்பது. இல்லை என்றால் மூச்சை விடலாம். ஒரே இடத்தில் சிறிதாக உள்ள மெட்டாபிளேசியாவுக்கு, குடும்ப வரலாறு இல்லாதவர்கள் எல்லோரும் திரும்பத் திரும்பக் கமரா விட வேண்டியதில்லை. பரவலாக இருந்தால் மூன்று வருடத்துக்கு ஒருமுறை பார்ப்பது ஐரோப்பிய வழிகாட்டலில் உள்ள முறை. உங்களைப் போல அப்பாவுக்கு வந்திருந்தால் அந்த இடைவெளி இன்னும் குறையலாம். அப்பாவின் விஷயத்தைக் கிளினிக்கில் கட்டாயம் சொல்லுங்கள். கேட்டால் சொல்லலாம் என்று இருக்க வேண்டாம்.

இனி நான் மிகவும் அழுத்திச் சொல்ல வேண்டிய இடம். கிருமி போய்விட்டதா என்று பரிசோதித்தீர்களா? உங்கள் கேள்வியில் அது இல்லை. எரிவு நின்றது சான்று ஆகாது. அமிலத்தைக் குறைக்கும் குளிசையும் எரிவை நிறுத்தும், கிருமி உள்ளே சுகமாக இருந்தாலும் நிறுத்தும். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்கள் சுமார் 3 லட்சத்து 70 ஆயிரம் பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2020ல் வந்த முடிவு இதைத்தான் சொல்கிறது. மருந்து எழுதிக் கொடுத்ததா இல்லையா என்று மட்டும் பார்த்தால் புற்றுநோயில் குறைவு தெரியவில்லை. கிருமி போனது பரிசோதனையில் உறுதியானவர்களில் அபாயம், போகாதவர்களோடு ஒப்பிட்டால், நான்கில் ஒரு பங்காக இருந்தது. மருந்துச்சீட்டு காப்பாற்றுவதில்லை, கிருமி போவதுதான் காப்பாற்றுகிறது. இன்று பல இடங்களில் இந்தக் கிருமிக்கு மருந்து எதிர்ப்பு வளர்ந்திருக்கிறது. அதனால் முதல் தடவையிலேயே எல்லோருக்கும் போவதில்லை. போகாவிட்டால் வேறு மருந்துக் கூட்டு இருக்கிறது, பயப்பட வேண்டாம்.

பரிசோதனைக்கு மூச்சுப் பரிசோதனை அல்லது மலத்தில் கிருமியின் கூறைத் தேடும் பரிசோதனை வேண்டும். நுண்ணுயிர்க்கொல்லி முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழிந்திருக்க வேண்டும். அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்பிரசோல் வகைக் குளிசையை இரண்டு வாரம் நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி அடங்கிக் கிடந்து, இல்லை என்று பொய்யாகக் காட்டும். அந்த இரண்டு வாரமும் எரிந்தால் என்ன குடிக்கலாம் என்று டொக்டரிடம் முன்பே கேட்டு வையுங்கள். இரைப்பை ஓட்டையாகும் அளவுக்குப் பெரிய புண் இருந்தவர்களோ இரத்தம் உறையாமல் இருக்க மருந்து குடிப்பவர்களோ தாங்களாக நிறுத்தவே கூடாது.

இரத்தப் பரிசோதனையால் இதை அறிய முடியாது. என் சொந்த மாமாவுக்கு நடந்தது. மருந்து முடித்து ஆறு மாதத்தில் ஓர் இடத்தில் இரத்தம் எடுத்து ‘கிருமி இருக்கிறது’ என்று சொல்லிவிட்டார்கள். மறுபடி 14 நாள் மருந்து. பிறகும் இரத்தத்தில் ‘இருக்கிறது’. மூன்றாம் தரம் மருந்து குடிக்கத் தயாராக இருந்தவரை நான் இழுத்துப் பிடித்து மலப் பரிசோதனைக்கு அனுப்பினேன். கிருமி இல்லை. இரத்தத்தில் தெரிவது கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கிய பொருள், கிருமி போன பிறகும் மாதக்கணக்காக, வருடக்கணக்காக நிற்கும். அந்த மனிதன் வீணாகக் குடித்த குளிசைகளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும்.

நீங்கள் முழு மருந்தையும் குடித்தது நல்லது. எல்லோரும் அப்படி இல்லை. ஏறாவூரில் இருந்து வந்த ஒரு தாய், ஐந்தாம் நாள் நிறுத்திவிட்டு வந்தார். ‘மிஸ், வாயெல்லாம் செம்புக்காசு சப்பின மாதிரிக் கிடக்கு, சோறு இறங்குதில்ல’ என்றார். கிளாரித்ரோமைசினும் மெட்ரோனிடசோலும் வாயை அப்படித்தான் கசக்க வைக்கும், முடிந்ததும் போய்விடும். இதை அவருக்கு முதல் நாளே யாரும் சொல்லவில்லை. ஒரு வருடம் கழித்து மறுபடி கமரா விட்டபோது ஜெலி திரும்பவும் நிறம் மாறியது. நோன்பு காலத்தில் மருந்து வந்தால், காலை மாலை இருநேரக் கூட்டு என்றால் சஹருக்கும் நோன்பு திறந்த பிறகும் எடுத்து முடிக்கலாம். நாலு நேரக் கூட்டு என்றால் பெருநாள் முடிந்து தொடங்கலாமா என்று டொக்டரைக் கேளுங்கள். பாதியில் விடுவதை விடப் பிந்தித் தொடங்குவது நல்லது.

ஒமிப்பிரசோல் பற்றி ஒன்று. ஹொங்கொங்கில் கிருமி ஒழிந்த சுமார் 63,000 பேரைப் பார்த்ததில், இந்த வகைக் குளிசையை நீண்டகாலம் தொடர்ந்தவர்களில் இரைப்பைப் புற்றுநோய் இரண்டரை மடங்கு அளவில் அதிகம் இருந்தது. குளிசைதான் காரணம் என்று இதை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. ஏற்கனவே சுவர் மோசமானவர்களுக்குத்தான் எரிவு கூடி, அவர்கள் அதிகம் குடித்திருக்கலாம். ஆனால் டொக்டர் சொல்லாமல், பாமசியில் கார்ட் கார்டாக வாங்கி வருடக்கணக்காகப் போடும் பழக்கம் நம் பக்கம் நிறைய. தேவை இருந்தால் குடிக்கத்தான் வேண்டும். தேவை இன்னும் இருக்கிறதா என்று வருடம் ஒருமுறையாவது கேட்டுப் பார்க்க வேண்டும்.

சாப்பாட்டில், உப்பு. கருவாடு, உப்புக்கண்டம், ஊறுகாய் என்று நாளாந்தம் உப்பில் ஊறியதைச் சாப்பிடும் மக்களிடம் இந்தப் புற்றுநோய் கூடுதலாக உள்ளது. கல்குடாக் கருவாட்டை முற்றாக விடச் சொன்னால் நானே கேட்க மாட்டேன். ஆனால் தினமும் என்றால் கிழமைக்கு ஒருமுறை ஆக்குங்கள், மிச்ச நாளுக்கு வாவி மீன், கீரை, பழம். சிகரெட், பீடி இருந்தால் விடுங்கள். புகை இரைப்பைப் புற்றுநோய்க்கும் நேரடிக் காரணம். வெற்றிலையோடு புகையிலை போடுபவர் என்றால் எனக்கு உங்கள் இரைப்பையை விட வாயைப் பற்றித்தான் கவலை. இந்த நாட்டில் ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாயில்தான். இரைப்பையில் வருவது ஜப்பான், கொரியாவைப் போல் நமக்கு அதிகம் இல்லை.

வளர்ந்தவர்களுக்குத் திரும்பத் தொற்றுவது அவ்வளவு சாதாரணம் இல்லை. ஆனால் மணற்பாங்கான ஊர்களில் கிணற்றுக்குப் பக்கத்திலேயே மலசலகூடக் குழி இருக்கும் வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். குழந்தைக்கு வாயில் மென்று ஊட்டும் பழக்கம் உள்ள அம்மம்மாக்களிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். வயிற்றில் பிரச்சினை இல்லாத சிறுபிள்ளைகளைப் பயத்தில் பரிசோதனைக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டாம்.

அடுத்த கமரா வரை காத்திருக்கக் கூடாத அறிகுறிகள் சில உண்டு. காரணமில்லாமல் உடல் இளைப்பது, கொஞ்சம் சாப்பிட்டவுடன் வயிறு நிரம்பி அது கிழமைக்கணக்காக நீடிப்பது, விழுங்கும்போது சிக்குவது, தொடர் வாந்தி, இரத்தம் குறைவு என்று ரிப்போர்ட் வருவது, தார் மாதிரிக் கறுத்த மலம். இரும்புச்சத்துக் குளிசையும் பிஸ்மத் மருந்தும் மலத்தைக் கறுப்பாக்கும், அவை குடிக்காத நேரத்தில் கறுத்தால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். கிருமி போனவர் என்பதால் இவற்றைப் பொறுத்துக்கொண்டு இருக்க வேண்டாம்.

உங்களுக்கு இப்போது நான்கு மாதம் ஆகிவிட்டது, பரிசோதனைக்குக் காலம் சரி. இந்தக் கிழமையே கிளினிக்கில் போய் மலப் பரிசோதனை வேண்டும் என்று கேளுங்கள், ஒமிப்பிரசோல் இன்னும் குடித்தால் அதையும் சொல்லுங்கள். பயொப்சி ரிப்போர்ட்டைப் போட்டோப் பிரதி எடுத்து ஒன்றைக் கிளினிக் கொப்பியோடு வையுங்கள், மழைக்கு நனையாத இடத்தில் ஒன்றை வையுங்கள். அடுத்த தடவை கமரா விட்டுப் பார்க்கும் டொக்டர் புதியவராக இருக்கலாம், அவருக்கு இந்தத் தாள்தான் உங்கள் இரைப்பையின் முதல் படம். அப்புறம், உங்கள் அண்ணன் தங்கச்சிமாரையும் கேளுங்கள். அவர்களுக்கும் அதே அப்பாதான். எரிவு இல்லாவிட்டாலும் ஒருமுறை கிருமிக்குப் பரிசோதிக்கச் சொல்லுங்கள், அவர்களுடைய வயலில் இன்னும் உப்பு ஏறாமல் இருக்கலாம்.